38 வயதில் நர்சிங் டிகிரி: வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

தென்மாவட்ட நகரம் ஒன்றில் தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, ஜி.என்.எம். (பொது நர்சிங், மிட்வைஃபரி) பட்டயம் படித்தவர். இப்போதைய மருத்துவமனையில் 11 ஆண்டு சர்வீஸ். கையில் வரும் சம்பளம் 19,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,000. கணவர் சொந்தமாக வேன் ஓட்டுகிறார். மகன் பத்தாம் வகுப்பு, மகள் ஆறாம் வகுப்பு. வார்டுப் பொறுப்பைப் பார்க்கும் இன்சார்ஜ் சிஸ்டர் பதவி இரண்டு முறை இவரைத் தாண்டி, பி.எஸ்சி. படித்த இளையவர்களுக்குப் போயிருக்கிறது. 'டிகிரி முடித்துவிட்டு வாருங்கள், மாதம் 3,000 கூட்டித் தருகிறோம்' என்று நிர்வாகத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர் தனியார் கல்லூரியில், பட்டயம் முடித்த நர்ஸ்கள் டிகிரி வாங்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க ஆண்டுக்கு 80,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், வெளிமாநிலக் கல்லூரி ஒன்றின் ஏஜெண்ட் 'வகுப்புக்கே வரவேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்கிறார். போதாக்குறைக்கு, 2024-இல் ஒரு பயிற்சிக்கு அனுப்பியபோது மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டில் (ஒப்பந்தத்தில்) மருத்துவமனை கையெழுத்து வாங்கி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் வைத்துக்கொண்டிருக்கிறது. 'பாண்ட் எதுவும் சட்டப்படி செல்லாது என்று யூடியூபில் சொல்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாமா? இந்த வயதில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? கணவர், படித்துக் கிழித்தது போதும் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?' இதுதான் கடிதம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை நான் பலமுறை படித்தேன். நோர்அட்ரீனலின் ஓடிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் கை, ஊசி செருகியிருந்த இடத்தைச் சுற்றி வெளுத்துக் குளிர்ந்துபோவதை இரவு டியூட்டியில் நீங்கள்தான் முதலில் பார்த்திருக்கிறீர்கள். அந்த லைனை நிறுத்தி, வேறு லைனுக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அது ஏன் நடந்தது என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் நின்ற இளம் பி.எஸ்சி. நர்ஸ் ஆங்கிலத்தில் விளக்கினார். உங்களுக்குப் பேச வாய் வரவில்லை. 'அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அழ வேண்டிய இடம் அது இல்லை அம்மா. அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ரத்தக் குழாயை விட்டுக் கசிந்தால், கசிந்த இடத்துச் சின்னக் குழாய்களையும் அதே வேகத்தில் சுருக்கிவிடும். அங்கே ரத்தம் போகாது, தோல் வெளுக்கும், கவனிக்காமல் விட்டால் சதையே செத்துப்போகும். விளக்கம் இவ்வளவுதான். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நடுராத்திரியில் வெளுத்த கையைக் கண்ணில் பிடிப்பதைத்தான் யாரும் பரீட்சை வைத்துக் கற்றுத்தர முடியாது. அந்தக் கை பிழைத்தது உங்களால்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவமானப்பட்ட வேகத்தில் கோர்ஸ் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தப்பான கோர்ஸில் போய் உட்காருகிறார்கள். என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கோர்ஸை அப்புறம் பார்க்கலாம்.

வயது ஒரு தடையா?

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், வேலையில் இருக்கும் பட்டய நர்ஸ்களை மனத்தில் வைத்தே உருவான படிப்பு. பிளஸ் டூ, ஜி.என்.எம்., மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸ் மற்றும் மிட்வைஃப் பதிவு, உடல் தகுதி ஆகியவற்றைத்தான் முக்கியமாகக் கேட்பார்கள். இவை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. நான் பாடம் எடுத்த வகுப்புகளில் நாற்பதைத் தாண்டியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டில் வயது வரம்பு என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கவுன்சில் பதிவு புதுப்பித்த நிலையில் இருக்கிறதா என்பதையும் இன்றே சரிபாருங்கள். பல பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பாடம், பரீட்சை எல்லாமே ஆங்கிலத்தில்தான். முதலாண்டில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உளவியல், ஊட்டச்சத்து. இரண்டாமாண்டில் சமூகநல நர்சிங், மனநல நர்சிங், கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். ஆனால் உங்கள் நர்ஸஸ் நோட்ஸை இத்தனை வருடமாக எந்த மொழியில் எழுதுகிறீர்கள்? ஆங்கிலத்தில்தானே. டியூட்டி முடிந்ததும் அன்றைக்குப் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி பத்து வரி எழுதிப் பழகுங்கள்: என்ன நோய், என்ன மருந்து, ஏன் அந்த மருந்து. ஆறு மாதம் இதைச் செய்தால் பரீட்சைத் தாளில் கை ஓடும்.

3,000 ரூபாய்க்காகவா இந்தப் படிப்பு?

உங்கள் கணவரும் நீங்களும் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய செலவு அது இல்லை. முழுநேரப் படிப்பு இரண்டு ஆண்டு. 19,500 ரூபாய் சம்பளம் 24 மாதம் வராவிட்டால் 4,68,000. அதோடு கட்டணம் 1,60,000. ஆக 6,28,000 ரூபாய். படித்து முடித்து அதே மருத்துவமனைக்குத் திரும்பி மாதம் 3,000 அதிகம் வாங்கினால் இந்தப் பணம் திரும்பிவர 209 மாதம் ஆகும். பதினேழு வருடத்துக்கும் மேல். உங்களுக்கு அப்போது 57 வயது.

அந்த 3,000-மும் வாய்ச்சொல்தான். சொன்ன மேனேஜர் இரண்டு வருடம் கழித்து அந்த நாற்காலியில் இருப்பார் என்று யார் சொல்வது? ஆகவே, அதே ஆஸ்பத்திரியில் இன்சார்ஜ் சிஸ்டர் ஆவதற்காக மட்டும் வேலையை விட்டுப் படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் கணவர் கோபத்தில் பேசினாலும், பணக் கணக்கில் அவர் பயத்துக்கு நியாயம் இருக்கிறது.

கணக்கு எங்கே மாறும்? உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், 'புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்குச் சந்தோஷம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். நர்சிங் பள்ளியிலோ கல்லூரியிலோ டியூட்டராகப் போக டிகிரி கட்டாயம் வேண்டும். அப்புறம் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கவும் இதுதான் வாசல், அதற்கு பி.எஸ்சி.யில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் ஓராண்டு அனுபவமும் கேட்பார்கள், அனுபவம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. இரவு டியூட்டி இல்லாமல் அடுத்த இருபது வருடம் வேலை பார்க்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கற்பிக்கும் வேலைதான் உங்கள் இலக்கு என்றால், இந்தப் படிப்பு பொருந்துகிறது.

டிகிரி இல்லாமலே திறக்கிற கதவுகளும் உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர் பணிக்கு அறிவிக்கும்போது பட்டயம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தொடக்கம் ஒப்பந்த முறையும் தொகுப்பூதியமும்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வெளிநாட்டுக்கு டிகிரி இல்லாமல் முடியாது என்று நினைத்திருக்கிறீர்கள். பிரிட்டனுக்கு ஜி.என்.எம். படித்தவர்களே போகிறார்கள், அங்கே தடை ஆங்கிலத் தேர்வும் அவர்களுடைய திறன் தேர்வும்தான். அந்த எண்ணம் இருந்தால் ஏஜெண்டுகளுக்கு முன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை விசாரியுங்கள். ஐ.சி.யூ. வேலையே பிடித்திருக்கிறது என்றால் தீவிர சிகிச்சை நர்சிங்கில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமா இருக்கிறது. அது உங்கள் கைக்கு இன்னும் கூர்மை தரும். ஆனால் டிகிரி ஆகாது, டியூட்டர் வேலைக்கு உதவாது.

'வகுப்புக்கே வரவேண்டாம்'

இந்தக் கதவைத் தயவுசெய்து மூடிவிடுங்கள். 'ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். உங்கள் நிலையை மட்டும் பாருங்கள். முழுநேரப் படிப்பு என்று சான்றிதழ் வரும். அதில் தேதி இருக்கும். அதே தேதிகளில் உங்கள் மருத்துவமனையின் விரல்ரேகை வருகைப் பதிவு இருக்கும், மாதாமாதம் பி.எஃப். கட்டிய பதிவு இருக்கும், நாளைக்கு நீங்களே வாங்கப்போகும் அனுபவச் சான்றிதழிலும் அதே காலம் இருக்கும். இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் இரண்டில் ஒன்று பொய் என்று தெரிந்துவிடும். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு மாநிலத்தில் டியூட்டி பார்க்க முடியாதே. இன்றைக்குப் பிடிபடாமல் போகலாம். கவுன்சிலில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்யும்போது, அரசு வேலையில் சான்றிதழ் சரிபார்க்கும்போது, வெளிநாட்டிலிருந்து கேட்டனுப்பும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். மாட்டினால் போவது அந்த டிகிரி மட்டுமாக இருக்காது. நியாயமாகப் படித்து வாங்கிய ஜி.என்.எம். பதிவும் விசாரணைக்குள் வரும்.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் எனக்கு இதில் சமாதானம் இல்லை. நர்சிங் கவுன்சில் டிகிரி வழங்குவதற்கு முன் செய்முறையில் நூறு விழுக்காடு வருகை கேட்கிறது. அது வெறும் சம்பிரதாயம் இல்லை, வார்டில் நிற்கும் அந்த நேரம்தான் படிப்பே. நாளைக்கு நீங்கள் டியூட்டராகி மாணவிகளை வார்டுக்கு அழைத்துப் போகப்போகிறவர். எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் அந்த மாநிலக் கவுன்சிலிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.என்.எம்.முக்கு அங்கீகாரம் இருந்தால் போஸ்ட் பேசிக்குக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

அதே ஏஜெண்ட் சொன்ன 'ஒரு வருட டிப்ளமா, முடித்தால் கிளினிக் வைக்கலாம்' என்ற பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பதிவு பெற்ற மருத்துவர் அல்லாதவர் மருத்துவத் தொழில் செய்தால் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

வேலையில் இருந்தபடியே படிக்க முடியுமா?

முடியும், அதுவும் நேர்வழியில். இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியில் இருக்கும் நர்ஸ்களுக்காக மூன்றாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நடத்திவருகிறது. ஜி.என்.எம்.முக்குப் பின் இரண்டாண்டு அனுபவம் கேட்பார்கள், நுழைவுத் தேர்வு உண்டு. தொலைநிலைப் படிப்பு என்றதும் தபாலில் டிகிரி என்று நினைத்துவிடாதீர்கள். நேர்முக வகுப்பும் ஆஸ்பத்திரிச் செய்முறையும் கட்டாயம். இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வில் போட்டி அதிகம். மதுரையில் இக்னோ மண்டல மையம் இருக்கிறது. அந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா, உங்களுக்கு எட்டும் தூரத்தில் படிப்பு மையம் இருக்கிறதா என்று அங்கே நேரில் போய்க் கேளுங்கள். சம்பளம் நிற்காது, கட்டணமும் நீங்கள் சொன்ன தனியார் கல்லூரியைவிடக் குறைவு.

உங்கள் சூழ்நிலையில் என் முதல் தேர்வு இதுதான். மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் வருடம் வீட்டில் சம்பளம் நிற்பது நல்லதல்ல. சிரமம் உண்டு: செய்முறை நாட்களுக்கு லீவும் ஷிஃப்ட் மாற்றமும் வேண்டும். அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டிகிரி முடித்தால் ஊதிய உயர்வு என்றார்களே, அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். எழுதித்தரத் தயங்கினால், அந்த வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

இக்னோவில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்தது அரசு நர்சிங் கல்லூரி. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிப்பைக் கவனியுங்கள். கட்டணம் மிகக் குறைவு, ஆனால் முழுநேரம், சம்பளம் நிற்கும். அப்படி ராஜினாமா செய்ய நேர்ந்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஐந்தாண்டு முடித்தவர் தானாக ராஜினாமா செய்தாலும் அது உண்டு. 16,000 ரூபாயை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,01,500 ரூபாய் வருகிறது. இரண்டாவது பி.எஃப். பத்தாண்டு சேவை தாண்டிவிட்டதால் 58 வயதில் ஓய்வூதியத்துக்கு நீங்கள் தகுதியானவர். அவசரத்தில் அதைக் கரைக்காதீர்கள், பழைய எண்ணிலேயே அடுத்த வேலைக்குத் தொடருங்கள். மூன்றாவது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு; வேலையை விட்ட பின் நடப்புப் பயன்காலம் முடிந்ததும் குடும்பத்துக்கே அது நின்றுபோகும். மாமியார் சர்க்கரை மாத்திரையை அங்கேதான் வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முன்கூட்டியே வழி பாருங்கள்.

பாண்டும் ஒரிஜினல் சான்றிதழும்

இவை இரண்டு தனித்தனி விஷயங்கள். யூடியூபில் பேசியவர் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்.

பாண்ட் எதுவுமே செல்லாது என்பது தவறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் முறையும் செலவும் வேறு. உங்கள் வழக்கில் அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'செல்லாது' என்று நம்பிக்கொண்டு மறுநாள் டியூட்டிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அதே சமயம், பாண்டில் 1 லட்சம் என்று எழுதியிருப்பதால் முழு 1 லட்சமும் கட்டியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். சில நாள் பயிற்சிக்கு ஆன செலவு எவ்வளவு, அதன்பின் எவ்வளவு காலம் வேலை பார்த்துவிட்டீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும். உங்கள் பாண்ட் 2027-இல் தானாக முடிகிறது. இக்னோ வழியில் போனால் வேலையை விட வேண்டிய அவசியமே இல்லாததால் இந்தச் சிக்கல் எழாது. இன்னொரு காரணமும் உண்டு: ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் இல்லாமல் இந்தப் 11 வருடத்தை நீங்கள் வேறெங்கும் காட்ட முடியாது.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயம் வேறு. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பற்றுரிமை யாருக்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பாண்ட் காலம் முடியாவிட்டாலும் சான்றிதழைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சண்டை போடாமல் கேளுங்கள். எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், உயர்கல்வி விண்ணப்பத்துக்குத் தேவைப்படுகிறது, 15 நாளில் திருப்பித்தர வேண்டும் என்று நாலு வரிக் கடிதம். நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

வீட்டில் பேசுவது

கணவர் சொன்ன சொல் உங்களைக் காயப்படுத்தியிருப்பது தெரிகிறது. ஆனால் அவரிடம் இதுவரை 'நான் படிக்கணும்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. எவ்வளவு செலவு, சம்பளம் நிற்குமா, எத்தனை நாள் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் இவ்வளவு பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேனுக்கு ட்ரிப் இல்லாத நேரமாகப் பார்த்து, மேலே போட்ட கணக்கையே காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். வேலையை விடாமல் படிப்பதாக இருந்தால் வாரத்தில் எந்தெந்த நேரம் சமையலும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு என்பதையும் அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். நைட் டியூட்டி முடிந்து வந்து சமைத்துவிட்டுப் படிப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று வருடம் உடம்பு அதைத் தாங்காது. தூக்கம் கெட்ட நர்ஸின் கையில் ஐ.சி.யூ. நோயாளியை விடுவதும் ஆபத்து.

எந்த விண்ணப்பத்துக்கும் சான்றிதழ் சரிபார்ப்பு உண்டு, ஒரிஜினல் கையில் இல்லாவிட்டால் இடம் கிடைத்தும் பயனில்லை. அதனால் மருத்துவமனைக்கான கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். பாண்டின் நகல் உங்களிடம் இல்லை என்கிறீர்கள்; அதே கடிதத்தில் அதையும் கேளுங்கள். நகல் கிடைத்ததும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்பினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து மறுபடி பதில் எழுதுகிறேன்.